கொண்டு வந்தவர் முகம்

அவர் எதை வாங்கினாலும் பொருளைப் பார்க்க மாட்டார். கொண்டு வந்து நீட்டுகிற ஆளின் முகத்தைத்தான் பார்ப்பார். தெரிந்த முகம் என்றால் கை தானாக நீண்டுவிடும். தெரியாத முகம் என்றால், கடையில் அடைத்து முத்திரை போட்டு வந்த பிஸ்கட் பொட்டலத்தைக்கூட வேண்டாம் என்று தள்ளிவிடுவார். எங்கள் ஆசிரியர் அறையில் இதை வைத்து நாங்கள் அவரைக் கேலி செய்யாத வாரம் கிடையாது. இப்போது அந்தக் கேலிகளை யாராவது எடுத்தால் நான் பேச்சை மாற்றிவிடுகிறேன்.

சேலத்திலிருந்து ராசிபுரம் போகிற வழியில் உள்ள ஒரு தனியார் கல்லூரி. நான் அங்கே வணிகவியல் நடத்தினேன். அவர் உயிர்வேதியியல் துறைத் தலைவர். தலைவர் என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம், இவரையும் சேர்த்து அந்தத் துறையில் இரண்டே பேர். இருவரும் சூரமங்கலத்தில் பக்கத்துப் பக்கத்துத் தெருவில் குடியிருந்ததால் காலையிலும் மாலையிலும் கல்லூரிப் பேருந்தில் ஒரே இருக்கை. அவருக்குச் சொந்த ஊர் நாமகிரிப்பேட்டைப் பக்கம், விவசாயக் குடும்பம். வகுப்பில் மாணவர்களைத் திட்டும்போதுகூட ஒரு ‘ங்க’ போட்டுத்தான் திட்டுவார். நான் அவரை மேடம் என்பேன். அவர் என்னை ஒரு நாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. “ஏனுங்க காமர்ஸு” என்பார். எனக்கு அது பிடிக்கும்.

உழவர் சந்தைக்கு நாங்கள் சேர்ந்து போவோம். நான் வெண்டைக்காயை நுனி ஒடித்துப் பார்க்காமல் வாங்குகிறவள் இல்லை. அவரோ ஒரே ஒரு அம்மாவிடம் போய்ப் பையை நீட்டிக்கொண்டு நிற்பார். அந்த அம்மா அள்ளிப் போடும், இவர் அதன் முகத்தைப் பார்த்துப் பேரன் பேத்தி பற்றி விசாரித்துக்கொண்டிருப்பார். வீட்டுக்குப் போய்க் கொட்டினால் பாதித் தக்காளி அழுகியிருக்கும். “ஏன் மேடம், ஒரு தடவை குனிந்து பார்த்தால் கழுத்து சுளுக்கிக்குமா?” என்று கேட்டேன்.

“அந்தம்மா வேணும்னா போட்டிருக்கும்? அதுக்குக் கண்ணு சரியாத் தெரியறதில்லீங்க,” என்றார். அடுத்த வாரமும் அதே அம்மாதான்.

அழுகின தக்காளியோடு போயிருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். ஆய்வகத்தில் ஒரு சம்பவம் நடந்தது. அங்கே ஓர் உதவியாளர் இருந்தார். வெகுநாள் பழக்கம், நல்ல மனிதர். பாட்டிலை எடுத்தவுடன் மேலே ஒட்டியிருப்பதைப் படி, ஊற்றும் முன் படி, ஊற்றி வைத்த பின் படி என்று பிள்ளைகளுக்குத் தினமும் பாடம் சொல்கிறவர் மேடம். அன்று அந்த உதவியாளர் நீட்டிய பாட்டிலை வாங்கி, கண்ணால்கூடப் பார்க்காமல் சாய்த்துவிட்டார். நீர்த்த அமிலம் கேட்டதற்கு வந்தது கெட்டி அமிலப் பாட்டில், மேலே அப்படித்தான் எழுதியும் இருந்தது. குழாயில் இருந்தது சீறிக்கொண்டு மேலே வந்து அவருடைய வலது மணிக்கட்டில் தெறித்தது. தோல் உரிந்து, ஆறி, கடைசியில் ஒரு பளபளப்பான தழும்பு நின்றது.

அந்த உதவியாளர் அழுதுகொண்டு வேலையை விடுவதாகச் சொன்னார். இவர் விடவில்லை. கட்டு பிரித்த மறுநாள், எங்கள் எல்லார் எதிரிலும் அதே ஆளிடம் இன்னொரு பாட்டிலைக் கேட்டு வாங்கி, இந்தத் தடவையும் படிக்காமலே ஊற்றினார். அது நல்ல மனசு என்று மற்றவர்கள் சொன்னார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

அவருடைய படிப்பே இந்தக் குணத்தைப் பற்றியதுதான் என்று எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது. கோயம்புத்தூரில் ஆராய்ச்சி செய்து முனைவர் பட்டம் வாங்கியவர். என்ன ஆராய்ச்சி என்று ஒரு நாள் பேருந்து மல்லூர் தாண்டும்போது பொழுது போகாமல் கேட்டேன். உடம்பில் புரதம் தயாராகிற இடத்துக்கு ரைபோசோம் என்று பெயராம். அது அமினோ அமிலங்களை ஒவ்வொன்றாக வாங்கிச் சரமாகக் கோத்துக்கொண்டே போகுமாம். இருபது வகையில் தனக்கு இப்போது வேண்டியது இதுதான் என்று அதற்கு எப்படித் தெரிகிறது என்பதுதான் அவர் ஆராய்ந்த கேள்வி.

“அமினோ அமிலம் தானா நடந்து வராதுங்க,” என்றார். “ஒவ்வொண்ணையும் முதுகுல ஏத்திட்டு வர்றதுக்குன்னு ஒரு ஆர்.என்.ஏ. இருக்குது. ரைபோசோம் என்ன பண்ணும்னா, ஏத்திட்டு வந்த ஆளு சரியான ஆளான்னு மட்டும் பாக்கும். அதுகிட்ட இருக்கற குறிப்புக்கு அந்த ஆளு பொருந்துச்சுன்னா சரி. முதுகுல இருக்கற சரக்கைப் பிரிச்சுப் பாக்கறதில்லீங்க.”

“அப்போ சரக்கை யார்தான் பாக்கறது?”

“ஏத்தி விடற எடத்துல பாக்கறதோட சரிங்க. அங்க ஒரு நொதி இருக்குது. எந்தச் சரக்கு எந்த ஆளுக்குன்னு பாத்து ஏத்தும். நம்ம லாரி புக்கிங் ஆபீஸுன்னு வெச்சுக்குங்களேன். அங்க தப்பு நடந்து போச்சுன்னா அதுக்கப்புறம் கேக்க ஆளே இல்லை.”

பிறகு ஒரு பரிசோதனையைப் பற்றிச் சொன்னார். சரியான ஆளின் முதுகில் சரியான சரக்கை ஏற்றி, ஏற்றிய பிறகு அந்தச் சரக்கை மட்டும் வேதியியல் முறையில் வேறொன்றாக மாற்றிவிட்டார்களாம். ரைபோசோம் கண்டுகொள்ளவே இல்லையாம். பழைய சரக்கு என்றே வாங்கிக் கோத்துவிட்டதாம். இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு பெருமை, சொந்தக்காரர் வீட்டுப் பிள்ளையின் குறும்பைச் சொல்வது போல.

“அப்போ சுத்தக் குருடுன்னு சொல்லுங்க,” என்றேன்.

“அப்படியும் தள்ளீர முடியாதுங்க. நம்ம உடம்புல சேர்ற அமினோ அமிலமெல்லாம் இடக்கை சாதி. அதையே கண்ணாடியில பாக்கற மாதிரி வலக்கையாத் திருப்பிப் போட்டு ஏத்தி உட்டா, வாங்கற எடத்துல சரியா உக்காராது. கொஞ்சம் தயங்கும். நான் ஆராய்ச்சின்னு பண்ணுனதெல்லாம் அந்தத் தயக்கத்தை அளந்ததுதானுங்க.”

“தயங்கி, அப்புறம்?”

“சிலதை உட்டுரும். சிலதைத் தயங்கித் தயங்கிச் சேத்துக்கும். போலி ரொம்ப ஒப்பா இருந்துச்சுன்னா தயக்கமே இருக்காதுங்க.”

எனக்கு அன்று தலைவலி. போதும் மேடம், விடுங்கள் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

அவருக்கு ஒரே அண்ணன். கூடப் படித்தவரை, வேறு சாதிக்காரரை இவர் கல்யாணம் செய்துகொண்டதில் பிறந்த வீட்டுக் கதவு மூடிக்கொண்டது. அப்பா இறந்தபோது போனவரை அண்ணன் படியேற விடவில்லை. சில வருடத்தில் இவருடைய கணவர் மாரடைப்பில் போனார். மகள் அப்போது சின்னக் குழந்தை. அதற்கும் அண்ணன் வரவில்லை. பொங்கல் முடிந்து கல்லூரி திறந்ததும் பெண் ஆசிரியர்கள் எல்லாரும் பிறந்த வீட்டுச் சீராக வந்த புடவையைக் கட்டிக்கொண்டு வருவார்கள். அன்று முழுக்க இவர் ஆய்வகத்தை விட்டு வெளியே வர மாட்டார்.

இடையில் அவருக்கு உடம்பு கெட்டது. மூட்டு மூட்டாக வலி, விட்டு விட்டுக் காய்ச்சல், மூக்குக்கு இரண்டு பக்கமும் கன்னத்தில் செம்மை படர்ந்தது. வெயில் பட்டால் முகம் எரியும். லூபஸ் என்றார் மருத்துவர். உடம்பைக் காக்க வேண்டிய சக்தி, உடம்பையே எதிரி என்று நினைத்துத் தாக்குகிற வியாதி. மாத்திரையில் அடங்கிவிட்டது. குடையும் முழுக்கைச் சட்டையுமாக நன்றாகத்தான் இருந்தார். வியாதி இருப்பதே எங்களுக்கு மறந்துவிட்டது.

அண்ணன் வந்த ஞாயிற்றுக்கிழமை நான் மேடத்தின் மாடி வீட்டில் இருந்தேன். கீழே வண்டிச் சத்தம் கேட்டு மேடம் எட்டிப் பார்த்தார், அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டார். வேட்டி கட்டிய உயரமான மனிதர் ஒருவர் மாடிப்படியின் பாதியில் நின்றுகொண்டிருந்தார். கையில் மூடி போட்ட ஒரு எவர்சில்வர் சம்படம்.

“உடம்புக்கு முடியலைன்னு சொன்னாங்க,” என்றார் அவர். அத்தனை வருடத்துக்குப் பிறகு பேசிய முதல் பேச்சு அது.

“உள்ள வாங்கண்ணா.”

அவர் வரவில்லை. நின்ற இடத்திலிருந்தே சம்படத்தை நீட்டினார். மேடம் இறங்கிப் போய் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அழுதார். மூடியைத் திறக்கவில்லை. அதில் என்ன என்று நான்தான் அண்ணனைக் கேட்டேன், எனக்கு வாய் சும்மா இருக்காது.

“குதிரைமசாலு வெதைங்க. முளைகட்டி, நெழல்ல காயவெச்சு நானே திரிச்சேன். போன்ல ஒரு வைத்தியரு சொன்னாருங்க, காலையில மோர்ல கலக்கிக் குடிச்சா மூட்டுவலி, ரத்தக்குறை எதுவும் அண்டாதுன்னு. எங்க மாடெல்லாம் அந்தத் தழையைத் தின்னுட்டு எப்படி மினுமினுன்னு இருக்குதுங்க தெரியுமா?”

குதிரைமசால் என்றால் எங்கள் பக்கத்தில் மாட்டுக்கு அறுத்துப் போடுகிற பசுந்தீவனம். உங்கள் அண்ணன் உங்களையும் தொழுவத்தில் சேர்த்துவிட்டார் என்று பின்னால் நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அண்ணன் விதையின் பெயரைச் சொன்ன அந்த விநாடியில், சம்படத்தின் மூடி மேல் அவருடைய விரல்கள் அசையாமல் நின்றதை நான் பார்த்திருந்தேன். ஒரு விநாடிதான். பிறகு சம்படத்தை மார்போடு அணைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு ஞாயிறு தவறாமல் வந்தார் அண்ணன். முதலில் படியில் நின்றார், பிறகு உள்ளே வந்தார், ஒரு மாதத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார். ஒழுகுகிற குழாயைச் சரிசெய்தார். மகளை அம்மிணி, சாமி என்று கொஞ்சினார். பொங்கலுக்குப் புடவை வந்தது, மேடம் அதைக் கட்டிக்கொண்டு ஆசிரியர் அறையில் ஒவ்வொரு மேசையாக வந்து நின்றார். அத்தனை சந்தோஷமான மனுஷியாக நான் அவரைப் பார்த்ததே இல்லை. வரும்போதெல்லாம் அண்ணன் கையில் ஒரு புதுச் சம்படம் இருக்கும், பழையது காலியாகத் திரும்பிப் போகும்.

ஒரு நாள் மாலை அங்கே காப்பி குடித்துக்கொண்டிருந்தோம். மகள் அப்போது கல்லூரியில் சேர்ந்த புதிது. பசிக்கிறது என்று அடுக்களையில் துழாவியவள் அந்தப் பொடியில் ஒரு கரண்டி அள்ளி வாய்க்குக் கொண்டுபோனாள். மேடம் பாய்ந்து போய் அவள் கையில் ஓங்கி அறைந்தார். கரண்டி பறந்தது, தரையெல்லாம் பச்சைப் பொடி.

“இது உனக்கில்லை,” என்றார். ‘ங்க’ இல்லாமல் அவர் பேசி நான் கேட்டது அப்போதுதான்.

அந்தப் பெண் வலியில் அழக்கூட மறந்து அம்மாவையும் தரையில் கிடந்த பொடியையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் பார்த்த பார்வையை நானும் பார்த்தேன். மேடம் குனிந்து ஈரத்துணியால் தரையை ஒற்றி ஒற்றித் துடைத்தார். ஒரு துளி மிச்சமில்லாமல் துடைத்து, அந்தத் துணியைக் குப்பையில் போட்டார்.

அந்த வருடக் கடைசியில் அவர் கால் வீங்க ஆரம்பித்தது. ஃபேர்லேண்ட்ஸில் இருந்த மருத்துவரிடம் நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். சோதனை முடிவுகளைப் பார்த்துவிட்டு மருத்துவர் முகத்தைச் சுருக்கினார். சிறுநீரில் புரதம் போகிறது, வியாதி மறுபடி தலைதூக்குகிறது என்றார்.

“வேற ஏதாவது சாப்பிடறீங்களாம்மா? நாட்டு மருந்து, சத்துப் பொடி? குதிரைமசால் விதையை முளைகட்டி இப்ப நிறையப் பேர் சாப்பிடறாங்க. உங்க வியாதி இருக்கறவங்க அதைத் தொடவே கூடாது.”

“அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க டாக்டர்,” என்றார் மேடம். நான் வாயைத் திறந்தேன். மேசைக்கு அடியில் என் முழங்காலை இறுக்கிப் பிடித்தார். அப்படி ஒரு பிடி.

வெளியே டவுன் பஸ் நிறுத்தத்தில் வந்து நின்றதும் நான் வெடித்தேன். “தெரியாமதான் சாப்பிட்டீங்களா?”

“எப்படிங்க தெரியாம இருக்கும்?” என்றார், ரொம்ப அமைதியாக. “அந்த வெதையில கெனவனின்னு ஒண்ணு இருக்குதுங்க. ஆர்ஜினின்னு ஒரு அமினோ அமிலத்துக்கு அச்சு அசல் போலி. பூச்சி தின்னுறாம இருக்கறதுக்குச் செடி பண்ணி வெச்சுக்கறது. ஏத்தி விடற எடத்துலயே ஏமாந்து ஏத்தி உட்டுருவாங்க. ரைபோசோமு ஆளைப் பாத்துட்டு வாங்கிக்கும். தயங்கக்கூடத் தயங்காது. கோணல் மாணலாப் புரதம் கெளம்பும். இந்தப் போலி நெறைய இருக்கற வேற ஒரு வெதை இருக்குது, அதுக்குள்ளயே ஒரு வண்டு குடியிருக்குதுங்க. அந்த வண்டுக்கு ஏத்தற எடத்துல நெசம் எது போலி எதுன்னு பிரிக்கத் தெரியும். நான் அந்த வண்டு இல்லீங்களே.”

சொல்லிவிட்டுச் சிரித்தார்.

“இதுனாலதான் வியாதி கூடுதுன்னு யாரும் அடிச்சுச் சொல்ல முடியாதுங்க. ஆனா நல்லதில்லை, எனக்குத் தெரியும்.”

“தெரிஞ்சுமா? உங்க அண்ணன்கிட்டச் சொன்னா என்ன?”

“எங்கப்பா கட்டையில போறப்போ என்னை வாசல்லயே நிறுத்துன மனுசனுங்க அவுரு. எம்பட ஊட்டுக்காரரு போனப்ப எட்டிப் பாக்கலை. இப்ப தண்ணியில ஊறப்போட்டு, துணியில கட்டி, காயவெச்சு, திரிச்சு, அத்தனை தூரம் வண்டி ஓட்டிட்டு வாராரு. நீங்க கொண்டாந்தது எனக்கு ஆகாதுன்னு நான் எந்த வாயில சொல்றது? சொல்லிட்டா அதுக்கப்புறம் எந்த மூஞ்சியோட என் படியேறுவாரு?”

“வாங்கி வெச்சுக்கிட்டு, அவர் போன பிறகு கொட்டிடுங்க.”

“எங்கண்ணன் கையால கொண்டாந்ததையா?” அசிங்கமாக எதையோ சொல்லிவிட்டவளைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தார்.

“உங்க பொண்ணை நெனச்சுப் பாருங்க மேடம்.”

“அவளுக்கு நான் குடுக்கறதில்லீங்களே,” என்றார்.

அடுத்த தடவை மருத்துவரிடம் போனபோது நான் போட்டு உடைத்துவிட்டேன். அவர் மேடத்தைக் கன்னாபின்னாவென்று திட்டி, உங்கள் பெண்ணுக்கும் இது வேண்டாம் என்றார். மேடம் தலையைக் குனிந்துகொண்டு, நிறுத்திவிடுகிறேன் என்றார். இரண்டு வாரம் பேருந்தில் என் பக்கத்தில் உட்காரவில்லை. பிறகு ஒரு நாள் தானாக வந்து உட்கார்ந்தார். “கொட்டிக்கிட்டுத்தான் இருக்கேனுங்க காமர்ஸு. இப்பத் திருப்திதானே?” நான் நம்பினேன். ஞாயிற்றுக்கிழமை சம்படம் வந்தது, அடுத்த ஞாயிறு காலியாகப் போனது. சாக்கடைதான் குடிக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு நாள் காலையில் பேருந்து சீக்கிரம் வருவதாகத் தகவல் வந்தது. அவருக்குப் போன் போகவில்லை. நேரில் சொல்லப் போனேன். கதவு ஒருக்களித்திருந்தது. அடுக்களையில் என் பக்கம் முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்தார். வீட்டில் வேறு யாரும் விழித்திருக்கவில்லை. அண்ணனும் இல்லை, பார்க்கிற கண் எதுவும் இல்லை. தம்ளரில் பச்சையாகக் கலக்கி வைத்திருந்த மோரை எடுத்து மடமடவென்று குடித்தார். அடியில் கொஞ்சம் பொடி ஒட்டியிருந்தது போலிருக்கிறது. கொஞ்சம் தண்ணீர் விட்டு அலசி, அதையும் குடித்தார்.

திரும்பினார். என்னைப் பார்த்தார். புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டு, “காப்பி குடிக்கறீங்களா?” என்றார்.

உங்கள் அண்ணனிடம் இன்றைக்கே சொல்லப்போகிறேன் என்றேன். “சொல்லுங்க,” என்றார். “சொன்னதோட அவுரு வர்றது நின்னுரும். அதுக்கப்புறம் நான் மாத்திரையும் தொட மாட்டேனுங்க.” விளையாட்டாகச் சொல்கிற முகமில்லை அது. எனக்கு வந்த ஆத்திரத்தில் அவரைப் பிடித்து உலுக்கலாம் போலிருந்தது. அத்தனை படித்துவிட்டு இப்படியும் ஒரு மனுஷியா என்று அன்று நினைத்தேன், இன்றும் அதையேதான் நினைக்கிறேன். ஆனாலும் அவரை எனக்கு அத்தனை பிடித்திருந்தது.

அடுத்த ஐப்பசி மழையில் அவர் படுத்தார். சிறுநீரகம் இரண்டும் கைவிட்டன. ஆஸ்பத்திரியில் அண்ணன் மோர்ப் பாத்திரத்தோடு வந்து நர்ஸோடு சண்டை போட்டார், வெளியிலிருந்து எதுவும் கொடுக்கக் கூடாதென்று அந்தப் பெண் தடுத்துவிட்டதற்காக. மேடம் கட்டிலில் இருந்து அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தார். ஊசி குத்திய கையைக் கொஞ்சம் தூக்கி அவர் பக்கம் நீட்டினார். மறுநாள் போய்விட்டார். பொடி காரணமா என்று நான் மருத்துவரைக் கேட்டேன். இந்த வியாதி காரணமே இல்லாமலும் கிளம்பும், உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் அவர்.

காரியமெல்லாம் முடிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெண்ணைப் பார்த்துவிட்டு வரலாம் என்று போனேன். அண்ணன் வந்திருந்தார். அடுக்களை மேடையில் ஒரு சம்படம் திறந்திருந்தது. அவர் தம்ளரில் மோரை ஊற்றிக் கலக்கிக்கொண்டிருந்தார்.

“வாங்க டீச்சர். அம்மிணி மூஞ்சி வாடிக் கெடக்குதுங்க. அவுங்கம்மா வியாதி அண்டீறக் கூடாதுல்ல. இந்தப் பொடி உள்ள போயித்தான் எந்தங்கச்சி இத்தனை நாளுத் தாக்குப் புடிச்சா.” தம்ளரை நீட்டினார். “குடிச்சுரு சாமி.”

அவள் கை நீட்டி வாங்கிக்கொண்டாள். தம்ளர் வாய்க்குப் போவதற்குள் நான் பிடுங்கினேன். மோர் என் புடவையெல்லாம் கொட்டியது.

அதற்கு மேல் எனக்கு அடக்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். எனக்குத் தெரிந்த எளிய பேச்சில், அந்த விதையில் ஒரு போலி இருக்கிறது, உடம்பு அதை நிஜம் என்று வாங்கிக்கொள்ளும், இந்த வியாதிக்காரர்களுக்கும் அவர்கள் பெற்ற பிள்ளைகளுக்கும் அது வேண்டவே வேண்டாம் என்று டாக்டர் சொன்னார் என்றேன். இதனால்தான் உங்கள் தங்கை இறந்தார் என்று நான் சொல்லவில்லை, அது யாருக்கும் தெரியாது என்றும் சொன்னேன். அவர் சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்தார். அந்தப் பெரிய கைகள் இரண்டும் மடியில் மல்லாந்து கிடந்தன.

தலையைத் தூக்கினார்.

“இது அவளுக்குத் தெரியுங்களா?”

நான் அந்தப் பெண்ணைப் பார்த்தேன்.

“அம்மாவுக்குத் தெரியாதுங்க மாமா,” என்றாள் அந்தப் பெண். நடுக்கம் இல்லாத குரல். என் பக்கம் அவள் திரும்பவே இல்லை.

அவர் வாய்விட்டு அழுதார். “அதானே சாமி. தெரிஞ்சிருந்தா எங்கிட்டச் சொல்லாம இருந்திருப்பாளா? அத்தனை படிச்ச புள்ளை,” என்று திரும்பத் திரும்பச் சொன்னார். பிறகு எழுந்து சம்படத்தை எடுத்துக்கொண்டு போய்த் தொட்டியில் கவிழ்த்து, குழாயைத் திறந்துவிட்டார். பச்சையெல்லாம் கரைந்து போகும்வரை பக்கத்திலேயே நின்றார். முகத்தைக் கழுவித் துண்டால் துடைத்துக்கொண்டு வெளியே வந்து செருப்பைப் போட்டார். இரண்டு படி இறங்கியவர் நின்று, அவள் தலையில் கை வைத்தார்.

“வேற நல்லதா ஏதாச்சும் விசாரிச்சு, வர்ற ஞாயித்துக்கெழம கொண்டாரேன் அம்மிணி.”

“கொண்டாங்க மாமா,” என்றாள் அவள்.